நான் போகாத ஊட்டி

சத்துவாச்சாரி என்று ஓர் ஊர் இருப்பதை நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களோ, என்னவோ! ஆனால் அதைத் தாண்டிப் போயிருப்பீர்கள். சென்னையிலிருந்து பெங்களூருக்குப் பஸ்ஸில் போகிறவர்கள், வேலூர் வந்துவிட்டது என்று தூக்கக் கலக்கத்தில் காலால் செருப்பைத் துழாவும் நேரம் இருக்கிறதல்லவா, அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே ஓடி மறைகிற ஊர்தான் எங்கள் சத்துவாச்சாரி. மொட்டைப் பாறையும் முட்செடியுமாக ஒரு மலை, ஹவுஸிங் போர்டு வீடுகள், ஜில்லா கலெக்டரின் ஆபீஸ். இவ்வளவுதான் ஊர் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆனால் எங்கள் ஊருக்கும் ஒரு பெருமை உண்டு. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலை நீங்கள் பார்த்திருக்கலாம். அதன் கல்யாண மண்டபத்துச் சிற்பங்களைப் பார்த்தவர்கள் பிறகு ஒரு வாரத்துக்கு வேறு எதையும் பார்த்து வியக்க மாட்டார்கள். அப்பேர்ப்பட்ட கோயிலில் வெகு காலம் மூலஸ்தானத்தில் சுவாமி இல்லை. சுவாமி எங்கே இருந்தார் என்கிறீர்கள்? சத்துவாச்சாரியில்தான்! 1981-ஆம் வருஷத்தில்தான் லிங்கத்தை இங்கிருந்து கோட்டைக்கு எடுத்துப் போய்ப் பிரதிஷ்டை செய்தார்கள். "சுவாமியே நம்ப ஊர்லதான் குடக்கூலிக்கு இருந்தாரு" என்று என் பாட்டி கடைசி வரையில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்து, இந்தப் பத்திரிகையில் உங்களோடு வாரா வாரம் ஏதாவது பேசிக்கொண்டிருப்பவள். போன மாதம் வேலூரில் ஒரு கல்லூரியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. மாணவிகளுக்குக் கட்டுரைப் போட்டி. 'நான் போன ஊர்', 'நான் ரசித்த இயற்கை', 'என் மனத்துக்கு உகந்த புத்தகம்' என்று மூன்று தலைப்புகள். ஏதாவது ஒன்றில் எழுதலாம். மூன்று நடுவர்களில் நானும் ஒருத்தி. எழுபத்தொரு கட்டுரைகளை ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அம்மாவோடு இரண்டு நாள் இருந்தாற்போலவும் ஆயிற்று என்று அவற்றைச் சத்துவாச்சாரி வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனேன். அம்மா முள்ளுக் கத்திரிக்காய் கடைந்து வைத்திருந்தாள். அந்தக் கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முன்னாலும் அதே ருசிதான் என்பது அம்மாவின் கட்சி.

சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பையைப் பிரித்தேன். எடுத்த எடுப்பிலே ஊட்டி! அடுத்ததும் ஊட்டி. அதற்கடுத்தது கொடைக்கானல் என்று கொஞ்சம் ஆறுதலாயிருந்தது. பிறகு மறுபடியும் ஊட்டி! மொத்தம் இருபத்து மூன்று பேர் ஊட்டிக்குப் போயிருந்தார்கள். அவர்களில் பதினேழு பேர் 'மலைகளின் அரசி' என்று ஆரம்பித்திருந்தார்கள். நான்கு பேர் ஒரே குதிரை மேல் ஏறி, ஒரே இடத்தில் பயந்து, ஒரே வாக்கியத்தில் கீழே இறங்கியிருந்தார்கள். கையிலிருக்கும் போனில் தேடினால் எல்லாம் கிடைத்துவிடுகிற காலம் இது. அந்தப் பெண்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு எனக்கு மட்டும் உரிமை இல்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நல்ல கட்டுரைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஏலகிரிக்குப் போன பெண் ஒருத்தி எழுதியிருந்ததைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். ஏலகிரி மலைப் பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்கு வெறும் நம்பர் போடாமல் பெயர் வைத்திருக்கிறார்கள். திருவள்ளுவர், இளங்கோ, கபிலர், ஒளவையார் என்று புலவர்கள் சிலர். பாரி, ஓரி, பேகன் என்று கடையெழு வள்ளல்கள். தமிழ் இலக்கியம் எடுத்துப் படிக்கிற அந்தப் பெண் எழுதுகிறாள்: கபிலரில் அவளுக்குத் தலை சுற்றியதாம், ஒளவையாரில் வயிற்றைப் புரட்டியதாம், பாரியில் வண்டியை நிறுத்தச் சொன்னாளாம். வள்ளலல்லவா, உடனே இடம் கொடுத்தார் என்கிறாள்! சங்க இலக்கியத்தை இத்தனை நெருக்கமாக அனுபவித்தவர்கள் புரொபஸர்களில்கூட அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

இன்னொருத்தி மேல்பாடிக்குப் போயிருந்தாள். திருவல்லத்துக்கு அப்பால், பொன்னை ஆற்றங்கரையில் இருக்கும் சிற்றூர் அது. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னை உங்களில் பலர் உங்கள் பாட்டி பைண்டு பண்ணி வைத்த புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள். அதில் நோயாளியாகப் படுத்திருக்கும் சுந்தர சோழரை ஞாபகம் இருக்குமே? அவருடைய தகப்பனார் அரிஞ்சய சோழர். அந்த அரிஞ்சயருக்கு, பேரன் ராஜராஜன் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் மேல்பாடியில் இருக்கிறது. இந்தப் பெண் கதையைப் படித்துவிட்டுத் தன் தாத்தாவை நச்சரித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கிளம்பிவிட்டாள். தஞ்சாவூர் மாதிரி கூட்டம் இருக்கும் என்று நினைத்துப் போனாளாம். அங்கே இருந்தது ஒரு காவல்காரரும் இரண்டு ஆடுகளும்தான். "தஞ்சாவூரில் அத்தனை பெரிய கோயில் கட்டியவர், சொந்தத் தாத்தாவுக்கு ஏன் இவ்வளவு சின்னதாகக் கட்டினார்?" என்று கேட்டிருக்கிறாள். தாத்தா சற்று யோசித்துவிட்டு, "அப்போ கையில காசு கம்மியா இருந்திருக்கும்" என்றாராம். சரித்திர ஆசிரியர்கள் வேறு காரணம் சொல்லக்கூடும். எனக்குத் தாத்தாவின் காரணமே பிடித்திருந்தது.

மு. வரதராசனாரின் புத்தகங்களைப் பற்றி ஐந்து பேர் எழுதியிருந்தார்கள். அதில் ஆச்சரியமில்லை. அவர் எங்கள் பக்கத்து மனிதர். 1912-இல் திருப்பத்தூரில் பிறந்து, கொஞ்ச காலம் அங்கேயே தாலுகா ஆபீஸில் எழுத்தராகவும் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராகவும் இருந்தவர். அவருக்கு 1961-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு வாங்கிக் கொடுத்த 'அகல் விளக்கு' நாவலில் வாலாஜாப்பேட்டையும் பாலாறும் வரும். அந்தப் புத்தகத்தின் பெயரைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. அந்த ஐந்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். எடுத்திருக்க வேண்டாம்!

*

அது ஆம்பூரிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போகிற ஒரு பெண்ணின் கட்டுரை. இரண்டரைப் பக்கம்தான். நீல மையில், அடித்தல் திருத்தலோடு எழுதியிருந்தாள். ஆரம்பமே, தான் எங்கேயும் போனதில்லை என்று! வீட்டிலிருந்து கல்லூரிக்கும் கல்லூரியிலிருந்து வீட்டுக்கும் ஐம்பது ஐம்பது கிலோமீட்டர் போவதுதான் அவளுடைய பிரயாணம். அவள் தாயார் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கிறவள். பூட்ஸின் மேல் பாகத்தை அங்கே 'அப்பர்' என்பார்கள். நாளெல்லாம் மிஷின் முன்னால் உட்கார்ந்து அப்பர் தைப்பது அவள் வேலை. தைத்த பூட்ஸ்கள் பெட்டியில் அடைபட்டு வெளிதேசங்களுக்குப் போகின்றன. பெட்டியின் மேல் அந்தந்தத் தேசத்தின் பெயர் ஒட்டியிருக்கும். தாயாருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்டு, மனத்தில் இருத்திக்கொண்டு, மாலையில் வீட்டுக்கு வந்து பெண்ணிடம் சொல்வாள். பெண் உடனே தன் புத்தகத்தை எடுத்து அந்தத் தேசத்தைத் தேடிக் கண்டுபிடிப்பாள்.

அவள் மனத்துக்கு உகந்த புத்தகம் என்ன தெரியுமா? பழைய புத்தகக் கடையில் வாங்கிய பள்ளிக்கூட அட்லஸ்!

ஒரு நாள் தாயார் 'போச்சுகல்லு' என்று ஒரு தேசத்தைச் சொன்னாளாம். மூன்று நாள் தேடியும் அகப்படவில்லை. நாலாவது நாள், ஸ்பெயினுக்குப் பக்கத்தில் ஒடுங்கிக் கிடந்த போர்ச்சுகலைக் கண்டுபிடித்து, தாயும் மகளும் கையைத் தட்டிக்கொண்டார்களாம். அந்தத் தேசத்துக் கடற்கரையில் பென்ஸிலால் ஒரு சின்னப் பூட்ஸ் போட்டு வைத்திருக்கிறாள். இப்படிப் பதினோரு தேசங்களில் பூட்ஸ் போட்டாகிவிட்டது. பஸ்ஸில் வரும்போது பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் வண்டி நிற்கும் நேரத்தில் பாலாறு எங்கே என்று பார்ப்பாளாம். அட்லஸில் நீலக் கோடாக இருக்கிற ஆறு வெளியில் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று சிறுமியாக இருந்தபோது தாயாரைக் கேட்டதைச் சொல்கிறாள்.

இத்தனையையும் நான் ரசித்துக்கொண்டே வந்தேன். கடைசிப் பக்கத்தில் இரண்டு வாக்கியங்கள். தாயார் வேலையிலிருந்து வந்தால் வீடு முழுவதும் தோல் வாசனையும் பசை வாசனையுமாக இருக்கும்; அந்த வாசனை வந்தால் அன்றைக்கு வீட்டுக்கு ஒரு தேசமும் வரும் என்று தனக்குத் தெரியும் என்று எழுதியிருந்தாள்.

நான் காகிதத்தை மடியில் வைத்துவிட்டு வெகு நேரம் எதிரே இருந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

சகோதரிகளே, இப்போது என் சங்கதிக்கு வருகிறேன். இதை இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

என் தகப்பனார் மேல்விஷாரத்தில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். தோல் கம்பெனி என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வது. உப்புப் போட்டு வருகிற பச்சைத் தோலை ஊற வைத்து, சுண்ணாம்பில் போட்டு மயிர் நீக்கி, சதையைச் சுரண்டி, பீப்பாய் போன்ற பெரிய டிரம்மில் க்ரோம் உப்போடு சுழல விட்டு எடுப்பார்கள். அப்பாவின் அப்பா காலத்தில் க்ரோம் இவ்வளவு பரவவில்லை. ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான். மலையோரத்தில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறதே ஆவாரை, பொங்கலுக்கு வாசலில் கட்டுகிறோமே, அதன் பட்டைதான் தோலைக் கெட்டுப் போகாமல் காத்தது. 1970-களில், பாதி பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றக் கூடாது, பொருளாகச் செய்துதான் அனுப்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு சர்க்கார் கட்டுப்பாடுகள் கொண்டுவந்தது. அதற்கப்புறம் க்ரோம் பெருகியது. ஆம்பூரில் ஷூ கம்பெனிகளும் பெருகின. வேலையும் பெருகியது. கழிவு நீரும் பெருகியது.

அந்தக் கழிவு நீர் பாலாற்றுக்கு என்ன செய்தது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. மாசு செய்தவன்தான் அதற்குண்டான செலவை ஏற்க வேண்டும் என்பதை நம் தேசத்துச் சட்டத்தில் நிலைநாட்டிய தீர்ப்பு அது. இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. கோர்ட் உத்தரவினால் பல கம்பெனிகள் மூடிக் கிடந்த நாட்கள் அவை. பகல் வேளையில் அப்பா வீட்டில் இருக்கிறார் என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். அம்மா காதில் கிடந்த கம்மலைக் காணோம். ராணிப்பேட்டைப் பக்கம் எங்கள் பெரியம்மா வீட்டுக் கிணற்றில் அதற்கு வெகு முன்னாலேயே தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போயிருந்தது. பெரியம்மா தீர்ப்பைக் கேட்டு, "இப்பவாவது கேட்டாங்களே" என்றாள். அப்பா அவளுக்குப் பதில் சொல்லவில்லை. அவளை விரோதித்துக்கொள்ளவும் இல்லை. எந்தப் பக்கம் நியாயம் என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் நாக்கு எழும்புவதில்லை. நியாயம் பெரியம்மா பக்கம். சோறு அப்பா பக்கம்.

கல்லூரியில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் நான் 'வியாபாரம்' என்று எழுதினேன். பொய்தான். அப்பா பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்து ஸீட்டில் இருப்பவர்கள் மெதுவாக எழுந்து முன்னால் போய் நின்றுகொள்வார்கள். அதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டு இரண்டு தரம் குளிப்பார். அவர் துணிக்குத் தனி வாளி. இத்தனைக்கும் அந்த வாசனை முழுக்கப் போகாது. என் சிநேகிதிகளை நான் ஒரு நாளும் வீட்டுக்கு அழைத்ததில்லை.

2008-இல், நான் இரண்டாம் வருஷம் படித்தபோது, எங்கள் கல்லூரியிலும் ஒரு கட்டுரைப் போட்டி வைத்தார்கள். தலைப்பு 'நான் போன ஊர்'. அதுவரை நான் போயிருந்த ஊர்கள் இரண்டு. திருப்பதியும் திருத்தணியும். இரண்டிலும் மொட்டையடித்துக்கொண்டதைத் தவிர வேறொன்றும் ஞாபகம் இல்லை. ஆகவே ஊட்டிக்குப் போனேன்! மளிகைக் கடைக் காலண்டரில் இருந்த ஒரு படம், டெலிவிஷனில் பார்த்த இரண்டு சினிமாப் பாட்டுக் காட்சிகள், போய் வந்த சிநேகிதி ஒருத்தி கொடுத்த ஸ்வெட்டரின் யூகலிப்டஸ் வாசனை. இந்த மூலதனத்தை வைத்துக்கொண்டு ஆறு பக்கம் எழுதினேன். மலை ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவியை நானே உண்டாக்கி, அவளிடம் சோளக் கதிர் வாங்கித் தின்றேன். படித்தவர்களெல்லாம் அந்தக் கிழவியைத்தான் ரொம்பப் புகழ்ந்தார்கள்.

முதல் பரிசு எனக்கு. கல்லூரி மலரிலும் அச்சாயிற்று. பரிசு, 'அகல் விளக்கு'.

அன்று இரவு அப்பா குளித்துவிட்டு வந்து விளக்கடியில் உட்கார்ந்து அந்த மலரை எழுத்துக் கூட்டிப் படித்தார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆறு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் அடுப்பங்கரையில் மறைந்து நின்றேன். படித்து முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ரொம்பக் குளிரா கீதா கண்ணு, ஊட்டில?"

கேலியாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்கு இன்று வரையில் தெரியாது. அவருக்குத் தெரியாமல் நான் எப்படி ஊட்டிக்குப் போயிருக்க முடியும்? "ஆமாம்பா" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு மலரை மூடி வைத்தார்.

இரண்டு நாள் கழித்து 'அகல் விளக்கு' புத்தகத்தைக் காணவில்லை. மறு வாரம் திரும்பி வந்தது, மேலே ஒரு தோல் உறையோடு! கம்பெனியில் கழித்துப் போட்ட துண்டைக் கேட்டு வாங்கி, புத்தகத்தை அளவு பார்த்து வெட்டி, ஓரங்களை மடித்து, ஊசி ஏறுவதற்காகத் துளைகளைச் சமமாகப் போட்டு, மெழுகு நூலால் தைத்திருந்தார். தேன் நிறம். தடவினால் பூனைக்குட்டியின் காது மாதிரி இருக்கும். புத்தகத்தின் முனை ஒன்றுகூடச் சிராய்க்காமல் இருக்க வேண்டுமென்று நாலு மூலைக்கும் இரட்டைத் தோல் வைத்திருந்தார். இத்தனை அழகான பைண்டு புத்தகத்தை நான் அதற்குப் பிறகு எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

ஆனால் அதில் அந்த வாசனை இருந்தது.

2010-இல் சென்னையில் எனக்கு வேலை கிடைத்தது. பெட்டியில் அந்தப் புத்தகத்தை அம்மா வைத்தாள். காட்பாடி ஸ்டேஷனுக்குப் பஸ்ஸில் போகும்போது பாலாற்றுப் பாலத்தின் மேல் வண்டிகள் தேங்கி நின்றன. ஹாஸ்டலில் கூட இருக்கப் போகும் பெண்கள் பெட்டியைத் திறந்தவுடன் மூக்கைச் சுளிப்பார்களே என்ற எண்ணம் வந்தது. உறையைக் கழற்றினேன். ஜன்னல் வழியாக ஆற்றில் எறிந்துவிட்டேன்.

ஆற்றில் என்று சொன்னேனே தவிர, பாலாற்றில் அப்போது தண்ணீர் ஏது? நந்தி மலையில் புறப்பட்டு முந்நூற்று நாற்பத்தெட்டு கிலோமீட்டர் வருகிற ஆறு, எங்கள் ஊரில் வெறும் மணலும் சீமைக் கருவேலமுமாகக் கிடந்தது. தண்ணீர் ஓடியிருந்தால் உறையை அடித்துக்கொண்டு போயிருக்கும். அது ஒரு கருவேலம் புதரின் ஓரத்தில், வெள்ளை மணலில், மல்லாந்து விழுந்தது. பஸ் கிளம்புகிற வரையில் அது எனக்குத் தெரிந்துகொண்டேயிருந்தது.

அப்புறம் ஊருக்கு வரும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பாலத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்து கீழே பார்ப்பேன். இருக்காது என்று தெரிந்தும் பார்ப்பேன். 2016-இல் அப்பா காலமாகிவிட்டார். உறை எங்கே என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. 2021 நவம்பரில், பல வருஷங்களாகக் காணாத வெள்ளம் பாலாற்றில் வந்தது. கரை கொள்ளாமல் செம்மண் நிறத்தில் தண்ணீர் சுழித்து ஓட, ஊர் ஜனங்களெல்லாம் பாலத்தில் நின்று போட்டோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் போய் நின்றேன். எல்லாரும் தண்ணீரைப் பார்த்தார்கள். நான் அந்தக் கருவேலம் புதர் இருந்த இடத்தைத்தான் தேடினேன். புதரையும் காணோம், இடத்தையும் காணோம்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நான் இன்று வரையில் ஊட்டிக்குப் போனதில்லை. ஆபீஸில் இரண்டு தரம் மலர்க் கண்காட்சி பற்றி எழுத அனுப்பப் பார்த்தார்கள். ஒரு தடவை ஜுரம், ஒரு தடவை உறவினர் கல்யாணம் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

*

நடுவர்கள் கூடிப் பேசினோம். என்னோடு இருந்தவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர். மிக நல்ல மனிதர். மற்றவர் கல்லூரி நூலகத்து அம்மாள். ஆம்பூர்ப் பெண்ணுக்குத்தான் முதல் பரிசு என்று நான் அடித்துச் சொன்னேன்.

"கட்டுரை நன்றாகத்தான் இருக்கிறது அம்மா, மறுக்கவில்லை" என்றார் பேராசிரியர். "ஆனால் தலைப்புக்குள் வரவில்லையே? எந்த ஊருக்கும் போகவில்லை. அட்லஸை ஒரு புத்தகம் என்று எப்படிச் சேர்த்துக்கொள்வது? அதில் படிப்பதற்கு என்ன இருக்கிறது?"

"அதில் பதினோரு பூட்ஸ் இருக்கிறது, ஐயா" என்றேன்.

அரை மணி நேரம் வாதாடினோம். நூலகத்து அம்மாள் முதலில் பேராசிரியர் பக்கம் இருந்தார். பிறகு என் பக்கம் வந்தார். டீ வந்ததும் மறுபடி அந்தப் பக்கம் போய்விட்டார். முடிவில் மேல்பாடிப் பெண்ணுக்கு முதல் பரிசு, ஆம்பூர்ப் பெண்ணுக்கு இரண்டாவது என்று தீர்ந்தது. மேல்பாடிப் பெண்ணையும் அவளுடைய தாத்தாவையும் நினைத்தால் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனாலும் தோற்றுப் போனாற்போலத்தான் இருந்தது.

பரிசு கொடுத்த அன்று ஆம்பூர்ப் பெண்ணைப் பார்த்தேன். ஒல்லியாக, இரட்டைச் சடையோடு இருந்தாள். தாயார் வரவில்லை. லீவு போட்டால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்று சாதாரணமாகச் சொன்னாள்.

"மேடம், நீங்க பத்திரிகைல இருக்கீங்களே, நிறைய ஊருக்குப் போயிருப்பீங்க இல்ல?" என்று கேட்டாள்.

போன ஊர்களைச் சொன்னேன். டில்லி, கல்கத்தா, கொழும்பு. அவள் கண் மேலே பார்த்தபடி ஒவ்வொன்றையும் மனத்துக்குள் படத்தில் வைத்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

"ஊட்டி?" என்றாள்.

"போனதில்லை" என்றேன்.

"அப்படியா! எங்க கிளாஸ்ல பாதிப் பேர் போயிட்டாங்க மேடம்" என்று எனக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டாள்.

அன்றிரவு அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கிழவியிடம் சோளக் கதிர் வாங்கியது முதல் பாலத்தில் பஸ் நின்றது வரை சொன்னேன். அம்மா கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியுமே" என்றாள்.

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நீ மொதத் தீபாவளிக்கு வந்தப்ப புஸ்தகத்த எடுத்தாந்த இல்ல? மேல உறை இல்ல. 'கிழிஞ்சி பூட்டிருக்கும், பாவம், புள்ள சொல்ல பயப்படுது'ன்னாரு. இன்னொண்ணு வெட்டி வெச்சாரு. நீ கேக்கல. நீ கேக்காம எப்படிக் குடுக்கறதுன்னு அவரும் குடுக்கல."

எனக்குக் குரல் வரச் சற்று நேரமாயிற்று. "அது எங்கேம்மா இருக்கு?" என்றேன்.

"எது?"

"அந்தத் தோல்."

"அதுவா? பின்னால அடிபம்புக்கு வாஷர் தேய்ஞ்சி போச்சி. கடைல இப்பல்லாம் ரப்பர்தான் தர்றான், ஒரு மாசம் தாங்க மாட்டேங்குது. அந்தத் தோலக் குடுத்து வெட்டிப் போடச் சொன்னேன். ரெண்டு வருசமா ஓடுது. இன்னும் ஒரு வாஷருக்கு மிச்சம் கீது."

மறுநாள் விடியற்காலையில் எழுந்து கொல்லைப்புறம் போனேன். மலைக்குப் பின்னால் அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. பம்பின் வாயில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்து அடித்தேன். முதல் நாலு அடிக்கு வெறும் காற்று. ஐந்தாவதில் கைப்பிடி கனத்தது. உள்ளே தோல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தண்ணீரை மேலே இழுப்பது கையில் தெரிந்தது. ஏழாவது அடியில் தண்ணீர் கொட்டியது. நான் நிறுத்தாமல் அடித்துக்கொண்டேயிருந்தேன்.

அடுப்பங்கரையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "அடிக்கறதுதான் அடிக்கற, ரெண்டு குடத்த வெச்சி அடி! சும்மா அடிச்சா வாஷர் தேய்ஞ்சிடும்."